ஏழாம் எண் வில்லை

கைவிடப்பட்ட சுரங்க நிலங்களை மீட்பதற்கான வட்டாரக் கூட்டமைப்பு எட்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. இந்த எட்டு வருஷத்தில் அது ஒரு குழியைக்கூட மூடவில்லை என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். முதல் வருஷமே அலுவலக வாசலில் இருந்த ஒரு குழியை மூடியிருக்கிறார்கள். தலைவரின் காருடைய முன் சக்கரம் அதில் இறங்கிய மறுநாள் காலையிலேயே வேலை முடிந்துவிட்டது.

மற்றபடி கூட்டமைப்பு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சின்னம் இருந்தது, ஒரு கொடி இருந்தது, எழுந்து நின்று சொல்ல ஒரு உறுதிமொழி இருந்தது. லாரிக்காரர்கள், செங்கல் சூளைக்காரர்கள், வியாபாரிகள் என்று பதினொரு சங்கங்கள் அதில் சேர்ந்திருந்தன. சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி. எந்தத் தீர்மானமானாலும் பதினொரு பேரும் கூட்டத்தில் இருக்க வேண்டும், பதினொரு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் தீர்மானம் படுத்துவிடும்.

"நம்ம பலமே இதான்" என்பார் தலைவர். "எட்டு வருஷமா ஒரு குழியைக்கூட நாம அவசரப்பட்டுத் தொடல. மூடுறது யாரு வேணாலும் மூடுவான். மூடிட்டா அப்புறம் என்ன இருக்கு? குழி இருக்கிற வரைக்கும்தான் ஒத்துமை இருக்கும்."

எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டினார்கள் என்பதை அவள் எழுதிக்கொள்வாள். அவள் அங்கே குறிப்பெழுத்தர். கூட்டத்தில் பேசியதையும் முடிவு செய்ததையும் எழுதி, தட்டச்சு செய்து, அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும். தலைவர் அதைக் கையில் வாங்கி, "படிச்சதா எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். "எடுத்துக்கலாம்" என்று பதினொரு குரல் வரும். கையெழுத்தாகிவிடும். அந்தக் காகிதத்தை அவளைத் தவிர யாரும் படித்ததில்லை.

இது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தடவை அவசரத்தில் வீட்டுச் சலவைக் கணக்கையும் சேர்த்து அடித்துவிட்டாள். 'போர்வை இரண்டு, தலையணை உறை ஒன்று' என்ற வரி ஆறாவது தீர்மானத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த கூட்டத்தில் அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. செயலர் கடமை தவறாதவர். குறிப்பேட்டில் கையெழுத்தாகிவிட்டதென்றால் அது அவருக்குக் கல்லில் வெட்டியது. ஒரே வாரத்தில் இரண்டு போர்வையும் ஒரு தலையணை உறையும் வரவழைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆண்டறிக்கையில் 'செயலாக்கப்பட்ட தீர்மானங்கள்' என்ற தலைப்பின் கீழ் அந்த வருஷம் அது ஒன்றுதான் இருந்தது.

கூட்டம் நடந்த அறை, சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் ஆஜர் சொல்லும் அறையாக இருந்தது. சுவரில் ஒரு நீளமான மரப்பலகை, அதில் வரிசையாக ஆணிகள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் தன் கையாலேயே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். வேலை நேரம் முடிந்தும் ஒரு வில்லை தொங்கிக்கொண்டிருந்தால், ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அடுத்தவன் வில்லையை யாரும் தொடமாட்டார்கள். தொட்டு எடுத்துவிட்டால் அவனைத் தேடி ஆள் போகாது. அவளுடைய அம்மா ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அன்றைக்கு அப்பா வந்துவிட்டார்.

சுரங்கக் கம்பெனி ஊரை விட்டுப் போனபோது எடுத்துக்கொண்டு போகாத ஒரே பொருள் அந்தப் பலகைதான். குழிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டமைப்பு அதற்கு மெருகு போட்டு, பதினொரு வில்லை புதிதாக அடித்து, பாரம்பரியம் என்று பெயர் வைத்தது. கூட்டத்துக்கு வருகிற உறுப்பினர் தன் வில்லையை மாட்ட வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு விதிகளை எழுதியவர் நிபுணர். அவர் எதில் நிபுணர் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வில்லை தொங்குகிறவர் கூட்டத்தில் இருக்கிறார் என்று ஒரு விதி. வில்லையை உரியவர் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி. மறுப்புச் சொல்லாதவர் ஒப்புக்கொண்டவர் என்று இன்னொரு விதி.

ஏழாம் எண் வில்லை அவளுடைய அண்ணனுடையது. பம்பு மெக்கானிக். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் வந்துகொண்டிருந்தான். கூட்டமைப்பில் கையில் கிரீஸ் படிந்த ஒரே உறுப்பினர் அவன்தான் என்பதால் அவன் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பழைய சுரங்கத்துக்கு மேலே மண் உள்வாங்கி ஒரு குழி விழுந்திருந்தது. முதலில் வாளி அகலம். ஒரு மழைக்குப் பிறகு தண்ணீர் டிரம் அகலம். பிறகு கட்டில் அகலம். அண்ணன் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்தாள். அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றி ஒரு கம்பி வேலி, ஒரு எச்சரிக்கைப் பலகை. தானே கம்பும் கம்பியும் கொண்டுபோய் ஒரு தடவை கட்டியும் விட்டான். அனுமதி பெறாத கட்டுமானம் என்று மறுநாளே செயலர் ஆள் அனுப்பிப் பிடுங்கி வரச் செய்துவிட்டார். பிடுங்கிய கம்பும் கம்பியும் அலுவலகக் கொட்டகையில் பத்திரமாக இருந்தன.

பலகைக்கான வாசகத்தை மட்டும் கூட்டமைப்பு தயார் செய்துவிட்டது. நான்கு கூட்டம் பிடித்தது. 'அபாயம்' என்று எழுதினால் மக்கள் பயந்துபோவார்கள் என்றார் தலைவர். 'குழி' என்பது முடிந்த முடிவாகத் தொனிக்கிறது என்றார் நிபுணர். கடைசியில், 'இவ்விடத்தின் நிலமட்டம் பரிசீலனையில் உள்ளது' என்று முடிவானது.

அதற்கடுத்த கூட்டம் நடந்த நாள் கூட்டமைப்புக்கு ரொம்ப முக்கியமான நாள். இருபது ஆண்டுத் தொலைநோக்கு ஆவணத்தை நிறைவேற்ற வேண்டும். பதினொரு பேரும் வந்திருந்தார்கள். உறுதிமொழி முடிந்ததுமே அண்ணன் எழுந்தான்.

"குழி இப்போ காம்பவுண்டு சுவருக்கு எட்டடிக்கு வந்துடுச்சுங்க. விண்ணப்பம் குடுத்து ஒன்பது மாசம் ஆச்சு."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "விண்ணப்பத்துல ஒன்பதாம் கட்டம் காலியா இருக்கு. ஆழம். ஆழம் போடாத குழி தொழில்நுட்ப ரீதியா குழியே இல்ல. அது வெறும் அபிப்பிராயம்."

"அதை நீங்க வந்து அளக்கணும்."

"குழிப் பட்டியல்ல இல்லாத இடத்துக்கு நான் எப்படி வர முடியும்? பட்டியல்ல சேரணும்னா ஆழம் வேணும்."

தலைவர் குறுக்கே புகுந்தார். "தம்பி, நீங்க குழியை மட்டும் பார்க்கறீங்க. நாங்க இருபது வருஷத்தைப் பார்க்கறோம்."

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணன் அவள் மேஜைக்கு வந்தான். தோளில் ஒரு கயிற்றுச் சுருள் இருந்தது.

"பாப்பா, நான் போய் அளந்துட்டு வந்துடறேன். கயித்துல கல்லைக் கட்டி விட்டா அஞ்சு நிமிஷ வேலை." அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"ஓரத்துல போய் நிக்காதே அண்ணா. அடியில ஒண்ணுமே இருக்காது."

"எனக்குத் தெரியாதா? கயித்தை மரத்துல கட்டிட்டு, குப்புறப் படுத்துக்கிட்டுதான் விடுவேன்."

"அப்போ வில்லையை எடுத்துட்டுப் போ."

"எடுத்தா வெளிநடப்புன்னு எழுதச் சொல்வாங்க. குழி விஷயம் இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போயிடும். தொங்கட்டும், ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போனது.

இரண்டு மணிக்குத் தலைவர் பலகையைப் பார்த்து எண்ணினார். "பதினொண்ணு. எல்லாரும் இருக்காங்க, ஆரம்பிக்கலாம்."

"ஐயா, அண்ணன் இன்னும் வரல" என்றாள் அவள்.

"வில்லை இருக்கேம்மா."

"ஆள் இல்லைங்க."

"விதியில ஆளைப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார் நிபுணர்.

தொலைநோக்கு ஆவணத்தின் முதல் பகுதி வாசிக்கப்பட்டது. மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். யாரும் பேசவில்லை. ஏழாம் எண்ணும் பேசவில்லை. ஒருமனதாக நிறைவேறியது. அவள் மேஜைக்கு அடியில் கைபேசியில் அண்ணனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாம் பகுதி நிறைவேறியபோது மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. பள்ளிக்கூடக் காவலாளி பேசினார். மூச்சு வாங்கியது.

"அம்மா, உங்க அண்ணன் வண்டி பாதி உள்ள சாஞ்சு நிக்குது. ஓரம் மொத்தமா பேந்துபோச்சு. மரத்துல கட்டின கயிறு உள்ள தொங்குது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமே இல்ல."

அவள் ரிசீவரை வைக்காமலே திரும்பி அறையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. முதலில் வாயைத் திறந்தவர் நிபுணர்.

"கயிறு எவ்வளவு நீளம்?"

"என்னது?"

"கயிறு. எத்தனை மீட்டர்?"

"இருபது."

"முழுசா உள்ள இறங்கியிருக்கா? அப்போ இருபதுக்குக் குறையாது. உபயோகமான தகவல்." அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். "ஆனா அளந்தவர் கையெழுத்து வேணும்."

"காரைக் குடுங்க. ஆளுங்களைக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள் அவள்.

செயலர் வண்டிப் பதிவேட்டைத் திறந்து உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். "போற இடம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அந்த இடம்தான் பட்டியல்லயே இல்லையே, நான் என்ன எழுதறது?"

"எங்க அண்ணன் குழிக்குள்ள கிடக்கிறான்!"

"பதட்டப்படாதீங்க" என்றார் தலைவர் கனிவாக. "ஏழாம் எண் இங்கதான் இருக்கார், பாருங்க." பலகையைச் சுட்டிக் காட்டினார். "இன்னும் ஒரே ஒரு பகுதிதான் பாக்கி. அவரே இதுவரைக்கும் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டிருக்கார். நடுவுல நீங்க கலைக்கலாமா?"

அவள் எழுந்து பலகையை நோக்கி நடந்தாள். நாற்காலிகள் தடதடவென்று பின்னால் நகர்ந்தன. பத்துப் பேரும் எழுந்துவிட்டார்கள். அத்தனை வருஷத்தில் உறுதிமொழிக்குத் தவிர அவர்கள் ஒன்றாக எழுந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"தொடாதீங்க!" தலைவரின் குரலில் இப்போது கனிவு இல்லை. "அதை எடுத்தா பத்துதான் இருக்கும். எட்டு வருஷ உழைப்பு போயிடும்!"

அவள் கை ஏழாம் ஆணி வரைக்கும் போனது. எடுத்துவிட்டால் இந்தக் கூட்டம் உடைந்து நொறுங்கும். அது அவளுக்கு வேண்டியும் இருந்தது. ஆனால் எடுத்துவிட்டால் அண்ணன் மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம். அம்மா ஒரு மத்தியானம் முழுக்க கை எட்டும் தூரத்தில் நின்றும் தொடாத பொருள் அது. அவளால் முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டு, செயலர் மேஜையிலிருந்த சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள். குழிக்குள்ளே குளிரும், அண்ணன் நடுங்கிக்கொண்டு வருவான் என்று நினைத்து, அந்த இரண்டு போர்வைகளையும் அள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.

அவள் போன பிறகு கடைசிப் பகுதியும் ஒருமனதாக நிறைவேறியது.

குழியைச் சுற்றி ஊரே நின்றது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார், மண் சரியும், மேலே இழுத்துவிடுவார்கள். வேறு பக்கமாக இறங்கினால் அந்தப் பக்கமும் சரியும். அண்ணி மரத்தடியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை கயிறு மேலே வரும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் தீயணைப்புக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு மேல் இறங்க ஆளை அனுப்ப முடியாது என்றார்கள். விரிக்காத போர்வைகளை அவள் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து பீரோவில் வைத்தாள். அன்றைக்குத்தான் அழுதாள், பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த கூட்டத்தில் செயலர் இரங்கல் தீர்மானம் எழுதிக்கொண்டு வந்தார். நிபுணர் தடுத்துவிட்டார். ஏழாம் எண் உறுப்பினர் கூட்டத்தில் இருக்கும்போது அவருக்கே எப்படி இரங்கல் தெரிவிப்பது? அது நாகரிகம் இல்லை. ஆகவே அது பாராட்டுத் தீர்மானமாக மாற்றப்பட்டது. 'தொடர்ந்து வருகை தரும் உறுப்பினர்' என்று அதில் ஒரு வரி இருந்தது.

"அவர் எப்பவும் நம்மோடதான் இருப்பார்" என்று தலைவர் தழுதழுத்தார். "அந்த வில்லை அங்கயே தொங்கட்டும். இனிமே நமக்கு ஆள் குறையற பிரச்சினையே வராது."

இந்தக் கடைசி வாக்கியத்தை மற்ற உறுப்பினர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த கூட்டம் முடிந்ததும் லாரிக்காரர்களின் பிரதிநிதி தன் வில்லையை எடுக்காமல் போய்விட்டார். பிறகு செங்கல் சூளைக்காரர். பிறகு ஒவ்வொருவராக. இரண்டு மாதத்தில் அறையில் தலைவர், செயலர், நிபுணர், குறிப்பெழுத்தர் என்று நாலு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். நிபுணரும் பெரும்பாலும் தூங்கினார். பலகையில் பதினொரு வில்லைகளும் பளபளவென்று தொங்கின. வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. தலைவர் ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து, "மறுப்பு உண்டா?" என்று கேட்பார். மின்விசிறி மட்டும் கரகரவென்று சுற்றும். அவளுக்கு அந்த அறையில் உட்காரவே பயமாக இருந்தது. பதினொரு பேரும் கீழே போய்விட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் அண்ணி ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "ஸ்கூல் பாத்ரூம் சுவத்துல விரிசல் விட்டிருக்காம். பொண்ணு பயந்து தண்ணியே குடிக்காம இருக்கா. உங்க அண்ணன் வேலி வேலின்னு சொல்லிக்கிட்டே போனாரு. யாராவது போடுவாங்களா மாட்டாங்களா?"

அந்த வாரக் கூட்டத்தில் பதில் வந்தது.

"பள்ளிக்கூடத்துப் பின்பக்க விண்ணப்பத்தை முடிச்சு வச்சிடலாம்" என்றார் நிபுணர். "ஒன்பதாம் கட்டம் இன்னும் காலிதான்."

"அளக்கப் போய்த்தானே எங்க அண்ணன்..." என்றாள் அவள்.

"குறிப்பேட்டைப் பாருங்க. நீங்களே எழுதினதுதான். அன்னிக்கு முழுக்க ஏழாம் எண் இந்த அறையில இருந்திருக்கார். எல்லாத் தீர்மானத்துக்கும் ஒத்துக்கிட்டிருக்கார். இங்க இருந்தவர் அங்க எப்படிப் போயிருக்க முடியும்? ஆகவே யாரும் அளக்கப் போகல."

தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். "மறுப்பு உண்டா?"

மின்விசிறி சுற்றியது.

அன்று மாலை அவள் குறிப்பை அடிக்க உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் ஏழாம் எண்ணின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். எட்டு வருஷமாக இவர்கள் சொன்னதையெல்லாம் சொன்னபடி எழுதியிருக்கிறாள். அண்ணன் சொன்னதை மட்டும், 'உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாள். அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். அவளும் எழுதினாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அடிக்கத் தொடங்கினாள்.

'விண்ணப்பத்தை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு ஏழாம் எண் உறுப்பினர் மறுப்புத் தெரிவித்தார். தீர்மானம் தோல்வியடைந்தது. குழியைச் சுற்றி உடனே வேலி போட வேண்டும், கொட்டகையில் இருக்கும் தன் கம்பும் கம்பியும் போதாவிட்டால் மேற்கொண்டு சேர்த்துக்கொள்ளலாம், குழந்தைகளை அந்தக் கட்டடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிப் பள்ளிக்கு இன்றே எழுத வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். எச்சரிக்கைப் பலகையில், குழி, கிட்டே வராதே என்று எழுத வேண்டும் என்றார். ஒருமனதாக நிறைவேறியது.'

அடுத்த கூட்டத்தில் தலைவர் காகிதத்தை வாங்கினார். அவள் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் கோத்துக்கொண்டாள்.

"படிச்சதா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்" என்றார் செயலர். நிபுணர் தூக்கத்திலேயே தலையாட்டினார். மற்றவர்கள் பலகையிலிருந்து மறுக்கவில்லை. கையெழுத்தாகிவிட்டது.

செயலர் அதைத் தன் மேஜைக்குக் கொண்டுபோனார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அதற்கு மேல் யோசிப்பது அவர் வழக்கமில்லை. பள்ளிக்குக் கடிதம் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினார். கொட்டகைச் சாவியை எடுத்தார். வேலைக்கான ஆணையை எழுத விண்ணப்பத்தைத் தேடி எடுத்தவர், மறுபடி தயங்கினார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா ஒன்பதாம் கட்டம் காலியா இருந்தா ஆணை செல்லாது. ஆழம் என்னன்னு ஏதாவது ஒண்ணு எழுதணுமே."

"குடுங்க" என்றாள்.

பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்ன எழுத்தில் எழுதினாள்: 'அளக்கப் போனவர் இன்னும் மேலே வரவில்லை.'

செயலர் அதைப் படிக்கவில்லை. கட்டம் காலியாக இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு முத்திரை குத்தினார்.